திருத்தங்கள்: பக்கம் இரண்டு, இடது மூலை

சென்ற இதழின் கூடைப்பந்துச் செய்தியில்
ஹ்லாவாச் பையன் எடுத்தது இருபத்தொரு புள்ளி என்றிருந்தது.
இருபத்து மூன்று.
அவன் அம்மா போன் செய்யவில்லை,
பனிக்காலணியோடு நேரில் வந்தாள்,
வாசலிலிருந்து என் மேசைவரை ஈரத் தடம்.
அந்த இரண்டு புள்ளி
உலகத்தின் வேறெந்தத் திரையிலும் தொலைந்திருக்காது,
வேறெந்தத் திரையிலும்
அது இருந்ததே இல்லை.

எல்டன் ஸ்வோபோடா இரங்கல் குறிப்பில்
பிள்ளைகள் நால்வர் என்று போட்டோம்.
குடும்பம் தந்த தாளில் அப்படித்தான் இருந்தது.
டென்வரிலிருந்து ஓர் உறை வந்தது.
உள்ளே ஓராண்டுச் சந்தாவுக்குக் காசோலை,
பின்பக்கம் பென்சிலில்
"நானும்தான்."
பிள்ளைகள் ஐவர்.
ஐந்தாமவள் பெயர் வெர்லா.

இந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டதாக
தலைநகரத்து இணையதளம் ஒன்று எழுதியிருந்தது.
முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன்.
டிராக்டர் கடை விளம்பரம் போனுக்குள் குடிபோனது,
மளிகைக்கடைத் துண்டுத்தாள் அதன் பின்னால்.
தொண்ணூறு மைல் தள்ளி இருக்கும் அச்சகம்
மூன்றாம் முறை விலையேற்றியது.
ஜனவரியில் ஓர் இரவு
விடைபெறும் பக்கத்தை நானே கோத்து முடித்து
'கடைசி' என்று பெயரிட்டுச் சேமித்தேன்.
மறுநாள் செவ்வாய்.
செவ்வாய் என்றால் நகரமன்றம்.
போகாமல் இருக்கத் தெரியவில்லை.

நாற்பது மடக்கு நாற்காலி,
ஒன்றில் நான்.
எழுத்தர் ட்வைட் வாசிக்கிறார், வாயில் இருமல் மிட்டாய்,
நான்காம் எண் கிணற்றில் நைட்ரேட்:
பத்தைத் தாண்டக்கூடாது. பதினான்கு.
காதும் காதும் வைத்தாற்போல் ஆறு நிமிடம்,
அப்புறம் பூங்கா ஊஞ்சலுக்கு என்ன நிறம் அடிப்பது.

ஊர்வாய்க்கு மூடி இல்லை என்பார்கள்.
கிணற்றுக்கு இருக்கிறது.
பான்கேக் விருந்து அறிவிப்புக்குக் கீழே
பதினொரு வரி எழுதினேன், என் கருத்து ஒன்றும் சேர்க்காமல்.
மறுமாதம் நாற்காலி போதவில்லை,
தேவாலயத்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்கள்.
கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்து
புட்டிப்பாலுக்கு எந்தத் தண்ணீர் என்று மட்டும் கேட்டாள்.
ட்வைட் மிட்டாயை விழுங்கிவிட்டார்.

அதன்பின் சந்தா கொட்டியது என்று எழுதினால்
அடுத்த வாரம் அதற்கும் இங்கே இடம் ஒதுக்க வேண்டிவரும்.
புதிதாக அறுபத்திரண்டு பேர்.
நிறுத்தியவர்கள் ஒன்பது.
உரக் கூட்டுறவு தன் அரைப்பக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது,
மரியாதையாக, கடிதத்தாளில்.
கூட்டிக் கழித்தால்
இன்னும் கழித்தல்தான்.

ஆகவே அலுவலகத்தில் பாதியை
முடிதிருத்தும் ஜோலீனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.
செய்தி முதலில் அவள் நாற்காலிக்குத்தான் வருகிறது.
தடுப்புக்கு இந்தப் பக்கம்
அது உண்மையா என்று கேட்கிற வேலை.
போனிலும் வருகிறோம் இப்போது, மாதம் நான்கு டாலர்,
கட்டுபவர்களில் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போனவர்கள்.
எந்தப் பக்கத்தை முதலில் திறக்கிறார்கள் என்று
கணினி சொல்கிறது:
யார் இறந்தது.
அடுத்து, மழை எவ்வளவு.

எப்படிப் பிழைப்பது என்று பேச
ஓர் ஆலோசகர் வந்தார், நல்ல சட்டை,
'உள்ளடக்கம்' என்று பதினேழு தடவை சொன்னார்.
நான் எண்ணினேன், வேறென்ன தெரியும் எனக்கு.
செவ்வாய் இரவு அந்த நாற்காலியில்
யார் உட்காருவது என்று கேட்டேன்.
குறித்துக்கொண்டார்.

முதல் பக்கத்தின் தலையில்
'ஒவ்வொரு வியாழனும்' என்று அச்சிட்டு வருகிறோம்.
வருகிற வியாழன் உண்டு, தாள் வந்து இறங்கிவிட்டது.
அதற்கடுத்ததைப் பற்றி
இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்ய முடியவில்லை.
'கடைசி' கோப்பை நேற்று திறந்து பார்த்தேன்.
அதில் இரண்டு எழுத்துப்பிழை.
திருத்தினேன்.
மூடிவிட்டு
ட்வைட்டை அழைத்தேன், கிணறு பற்றி.
எடுக்கவில்லை.
நேரில் போகிறேன்.

மார்லிஸ் கோவாரிக், ஆசிரியர்